குடிகாட்டுக் காற்றுக்குக் கணக்குக் கேட்போம்!

கடலூர்த் தோழர்களே! சிதம்பரத்துத் தோழர்களே!

முதுநகர் தாண்டி சிதம்பரம் சாலையில் பஸ் போகும்போது மூக்கைப் பொத்தி ஜன்னலை மூடுகிறோம். சிப்காட் தொழிற்பேட்டை கடந்ததும் நாற்றம் போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். அதன் ஓரத்து ஊர்களான குடிகாடும் ஈச்சங்காடும் சொன்னஞ்சாவடியும் எந்த ஜன்னலை மூடும்?

1980-களில் சிப்காட் வந்தபோது வேலை வரும் என்றார்கள். மருந்து, பூச்சிக்கொல்லி, சாய ஆலைகள் வந்தன. காற்றில் விஷம் கலந்தது. உப்பனாற்றில் கழிவு கலந்தது. வசதியுள்ளவர்கள் வீடு மாற்றிப் போனார்கள். மீனவர்களும் தலித் மக்களும் கூலித் தொழிலாளிகளும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருக்கிறார்கள்.

இது நாம் கட்டிவிடும் கதையில்லை. சிப்காட் மக்களுக்கு நச்சுக் காற்றால் வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்றது 2008-இல் வெளிவந்த, தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் ஆய்வு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க மதிப்பிட்டபோது கடலூருக்குப் போட்ட மாசு மதிப்பெண் 77.45: கடுமையாக மாசுபட்ட பகுதி! 2025 மே மாதம்கூட குடிகாட்டில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, வீடுகளுக்குள் கழிவு புகுந்தது. மக்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

2004-இல் இந்த ஊர்க்காரர்களே காற்றை வாளியில் பிடித்தார்கள். நாற்றம் கிளம்பியதும் மூடிய வாளிக்குள் இருக்கும் பையில் காற்றை நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எத்தனை மணி, எந்தப் பக்கத்துக் காற்று, அழுகிய முட்டைக்கோஸ் நாற்றமா, நகப்பூச்சு நெடியா என்று நோட்டில் குறித்தார்கள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனங்கள் அந்தப் பைகளில் அகப்பட்டன.

அந்த வாளி அமெரிக்காவிலிருந்து வந்த வித்தை. லூசியானாவில் ஆலைகள் மொய்த்த மிசிசிப்பிக் கரைக்குப் 'புற்றுநோய்ச் சந்து' என்றே பெயர். அங்கே நார்கோ ஊரில், ஷெல் ஆலையின் வேலியோரம் கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்பு டைமண்ட். ஆசிரியை மார்ஜி ரிச்சர்டும் அவர் தெருக்காரர்களும் அதே வாளியோடு போராடி, 2002-இல் தங்கள் வீடுகளை வாங்கிக்கொள்ள ஷெல்லைச் சம்மதிக்க வைத்தார்கள். அங்கே நிறம், இங்கே சாதி; விஷம் யார் வாசலில் இறங்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

காற்றைப் போல நோயையும் நாமே கணக்கெடுக்க வேண்டும். நம் புற்றுநோயாளி ஒருவர் சிகிச்சை பெறுவது சிதம்பரத்தில், ஒருவர் புதுச்சேரி ஜிப்மரில், ஒருவர் சென்னை அடையாறில். மூவரும் ஒரே தெரு என்பதை யார் சேர்த்துப் பார்ப்பது? நாம்தான்!

வீடு வீடாகப் போவோம். பெயர் வேண்டாம், தெரு, வயது, எந்த உறுப்பில், எந்த ஆண்டில் என்று மட்டும் எழுதுவோம். அந்தக் கணக்கோடு ஆட்சியரிடம் கேட்போம்:

1. புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்கை ஊர்வாரியாக வெளியிடு!

2. சிப்காட் கிராமங்கள் எல்லாவற்றிலும் இலவசப் பரிசோதனை நடத்து. சிகிச்சைக்கும் பயணத்துக்கும் ஆலைகளிடம் வசூலி!

3. காற்றின் மாசு அளவை ஊர் நடுவே தமிழில் பலகையில் காட்டு!

4. இவை நடக்கும்வரை புதிய ரசாயன ஆலைக்கு அனுமதி கொடுக்காதே!

சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மாணவர்களே, கணக்கெடுக்க உங்கள் படிப்பு வேண்டும். முதுநகர்த் தொழிற்சங்கத் தோழர்களே, ஆலைக்குள் முதலில் மூச்சிழுப்பது நீங்கள்தான், முன்வரிசையில் நில்லுங்கள். நோட்டும் பேனாவுமாக இந்த வாரமே குடிகாட்டுக்கு வாருங்கள்!