பொது ஸ்கீமாவில் சொந்த விதியைத் திணிக்க வேண்டாம்

ஐரோப்பாவில் அரசு அலுவலகங்களுக்குச் சரக்கும் சேவையும் தருபவர்களின் பில், காகிதத்திலிருந்து எக்ஸ்எம்எல் கோப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறது. மின் இன்வாய்ஸ் வந்தால் அரசு அமைப்புகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் உத்தரவிட்டது. அதற்கான பொதுத் தரமான இஎன் 16931 வெளியானது 2017-இல். ஜெர்மனியிலோ 2025 ஜனவரி 1 முதல் தனியார் நிறுவனங்களும் ஒருவர் மற்றவரிடமிருந்து மின் இன்வாய்ஸைப் பெறத் தயாராக இருந்தாக வேண்டும். அந்தக் கோப்பில் எது இருக்கலாம், எது இருந்தே தீரவேண்டும் என்று சொல்வதுதான் ஸ்கீமா. அது கணினிக்காரர்கள் பாடு என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

ஏனென்றால் ஒரே கோப்பை ஆளுக்கொரு கண்ணோடு பார்க்கிறார்கள். வரித்துறைக்கு வாட் கணக்கு சரியாக இருக்க வேண்டும். கொள்முதல் பிரிவுக்கு இது யார் போட்ட ஆர்டர் என்று தெரிய வேண்டும். விற்றவருக்குப் பணம் வந்தால் போதும்.

‘வாங்குபவர் குறிப்பு’ என்ற ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். இன்வாய்ஸ்களுக்குப் பரவலாகப் பயன்படும் யூபிஎல் ஸ்கீமாவில் இதை நிரப்பலாம், விடலாம். ஐரோப்பியத் தரமும் அதையே சொல்கிறது. மின் இன்வாய்ஸ்களைப் பரிமாறும் பெப்போல் வலையமைப்பில் அனுப்பினால், இதுவோ ஆர்டர் எண்ணோ, இரண்டில் ஒன்று வேண்டும். ஜெர்மன் அரசின் எக்ஸ்ரெஹ்நுங் விதிப்படி இது கட்டாயம். எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டிய பில் என்பதைக் காட்டும் லைட்வெக் எண் அங்கேதான் உட்கார்கிறது. ஒரு கட்டம், நான்கு இடம், மூன்று விதமான கண்டிப்பு. ஆனாலும் அடியில் இருக்கும் ஸ்கீமா ஒன்றுதான், அதை யாரும் தொடவில்லை. ஜெர்மனி தன் கண்டிப்பைத் தனி விதித்தாளில் வைத்துக்கொண்டது. எந்த விதித்தாளின்படி தன்னைச் சோதிக்க வேண்டும் என்பதையும் கோப்பே தன் தலைப்பகுதியில் சொல்லிவிடுகிறது.

இந்தப் பிரிவினை எளிதில் வந்ததல்ல. டென்மார்க் 2005 பிப்ரவரி 1 முதலே அரசுக்கு வரும் பில்கள் எக்ஸ்எம்எல்லில் இருக்க வேண்டும் என்றது. துணிச்சலான முடிவு. ஆனால் அதற்கு அடித்தளமாக எடுத்தது யூபிஎல்லின் 0.7 வரைவை, அதைத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது. பிறகு யூபிஎல் 2.0 வந்ததும் அதற்கேற்ற புதிய வடிவத்துக்கு எல்லோரையும் இன்னொரு முறை நகர்த்த வேண்டியிருந்தது. அந்த 2.0-தான், 2006-இல், ஒரு முக்கியமான காரியத்தைச் செய்தது: பல குறியீட்டுப் பட்டியல்களை ஸ்கீமாவுக்குள் பூட்டி வைக்காமல், இரண்டாம் கட்டச் சோதனைக்கு ஒதுக்கியது.

அப்படிப் பிரித்து வைப்பதன் அருமை, நாணயக் குறியீட்டில், குரோவேஷியாவைப் பார்த்தால் புரியும். 2023 ஜனவரி 1-இல் அந்த நாடு குனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. புதிதாக வரும் பில் குனாவில் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். 2022-ஆம் ஆண்டு பில்லைத் தணிக்கைக்கு எடுக்கும் ஆவணக் காப்பகமோ குனாவை ஏற்றாக வேண்டும். ஸ்கீமாவுக்குள்ளேயே பட்டியலை அடைத்திருந்தால் இருவரில் ஒருவருக்கு அது பொய் சொல்லும்.

கூட்டுத்தொகையும் இப்படித்தான். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் போட்ட தொகைகளைக் கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று, ஸ்கீமா எழுதப் பரவலாகப் புழங்கும் எக்ஸ்எஸ்டி 1.0 மொழிக்குக் கேட்கத் தெரியாது. கோப்பின் வடிவத்தைப் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பது ஸ்கீமாட்ரான் என்ற தனி விதிமொழியில் எழுதிய விதி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டாயமாக்கிவிடலாம் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு இது உறைக்க வேண்டும்.

பொது ஸ்கீமா தளர்வாக இருப்பது சோம்பேறித்தனமல்ல. தொளதொள சட்டையை ஆளுக்கேற்பப் பிடித்துத் தைக்கலாம். வெட்டி எறிந்த துணியை ஒட்ட முடியாது. ஐரோப்பியத் தரம் இதையே விதியாக வைத்திருக்கிறது. ஒரு நாடோ துறையோ தன் பயன்பாட்டுக்கென விவரக்குறிப்பு எழுதிக்கொள்ளலாம், ஆனால் இறுக்க மட்டுமே செய்யலாம். அதற்குட்பட்ட இன்வாய்ஸ் பொதுத் தரத்தின் சோதனையிலும் தேற வேண்டும். புதிய கட்டம் தேவையென்றால் அது நீட்டிப்பு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

இந்த ஏற்பாட்டை உடைப்பவர்கள் சிறு வியாபாரிகள் அல்ல. ஸ்கீமா கோப்பை நகலெடுத்து, நாலு வரி திருத்தி, ‘எங்கள் வடிவம்’ என்று சப்ளையர்களிடம் நீட்டும் பெரிய கொள்முதல்காரர்கள்தான். அப்படிப் பத்துப் பேர் செய்தால், விற்பவர் பத்து வடிவத்துக்கு மென்பொருள் வாங்க வேண்டும். அந்தச் செலவு கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறும், அரசு வாங்கும் பொருளானால் வரிப்பணத்தில்.

இது ஐரோப்பாவோடு நிற்கும் கதையும் அல்ல. 2018-இல் சிங்கப்பூர் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் பெப்போல் ஆணையம் ஆனது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிய மைஇன்வாய்ஸ் முறைக்கும் அடித்தளம் யூபிஎல்தான். அங்கே பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் வகைப்பாட்டுக் குறியீடு வேண்டும். இரண்டு நாட்டிலும் கடையும் கம்பெனியும் நடத்தும் தமிழர்கள் ஒரே எலும்புக்கூட்டின் மேல் இரண்டு விதித்தாள்களைச் சந்திக்கிறார்கள். எலும்புக்கூடு கலையாமல் இருப்பது அவர்களுக்கும் ஆதாயம்.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். மென்பொருள் நிறுவனங்கள் அனுப்பும் முன்பே சோதிக்கட்டும்; பெறுபவரின் சர்வர் திருப்பியடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விற்பவர்கள் கட்டத்தை நிரப்புவதற்காகப் புள்ளியும் கோடும் போடும் பழக்கத்தை விடட்டும். விதி மாற்றம் நினைத்த நாளில் வராமல், பெப்போலில் மே, நவம்பர் என்று வெளியீடு வைத்திருப்பதுபோல, முன்னறிவித்த தேதியில் வரட்டும்.

விதி எழுதும் அலுவலகங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். வடிவச் சோதனையில் தவறினால் பல மென்பொருள்கள் ‘சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப் 2.4.ஏ’ என்று எதையோ கக்கும். கணக்கர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஸ்கீமாட்ரானில் ஒவ்வொரு விதியோடும் மனிதர் படிக்கிற மாதிரி ஒரு வாக்கியம் எழுத இடமிருக்கிறது. விதியை அறிவிக்கும் அலுவலகமே அந்த வாக்கியத்தையும், விதியில் தேறும் ஒரு மாதிரி பில்லையும், தேறாத ஒன்றையும் சேர்த்து வெளியிடட்டும். இந்த மூன்றும் இல்லாத விதியை நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைக்கட்டும்.