டர்போ போச்சுன்னு யாருங்க சொன்னது?

முதல்லயே சொல்லிடறேன், நான் மெக்கானிக் இல்லை. படிக்கிறது பி.காம். காருக்கும் எனக்கும் உள்ள உறவு, அப்பா கழுவச் சொன்னா கழுவுறதோட சரி. ஆனா போன மே மாசம் எங்க வீட்டுல நடந்த சமாச்சாரத்தை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. பழைய டீசல் கார் வச்சிருக்கிற யாருக்காவது உதவும்.

அப்பா நிலக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுறார். 2011 மாடல் டீசல் வண்டி. (கம்பெனி பேர் வேண்டாம், அவங்க மேல தப்பு எதுவும் இல்லை.) கொடைக்கானல் சீசன்தான் எங்களுக்குப் பெரிய வருமானம். அந்த நேரம் பார்த்து வண்டிக்குப் புல்லிங் போயிடுச்சு. வத்தலக்குண்டு வரைக்கும் சமதரை, பெரிசா ஒண்ணும் தெரியலை. காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் இரண்டாவது கியர்லயே முக்குது. மிதிச்சா பின்னாடி கரும்புகை. டம்டம் பாறையில் நிறுத்தி, வந்தவங்களை வேற வண்டியில் ஏத்தி விட்டுட்டுத் திரும்பிட்டார்.

மறுநாள் ஒரு பட்டறை. ஸ்கேனரைச் சொருகினாங்க, இரண்டே நிமிஷம். "டர்போ போச்சு, மாத்தணும். 40,000 ஆகும்." அன்னைக்கு ராத்திரி அம்மா பீரோவைத் திறந்து செயினை எடுத்து மேஜை மேல வச்சப்போ எனக்குச் சோறு இறங்கலை.

சரி, டர்போன்னா என்ன? இன்ஜின் வெளியே விடுற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அதே தண்டோட மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ளே தள்ளும். காத்து அதிகமானா அதிக டீசல் எரிக்கலாம், சக்தி கூடும். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரெட் பியூக்கி இதுக்குக் காப்புரிமை வாங்கினது 1905ல. 1978ல மெர்சிடிஸ் 300 எஸ்டி மூலமா டீசல் காருக்கு வந்தது. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அதைக் காப்பாத்துறது மெல்லிசா ஓடுற இன்ஜின் ஆயில் மட்டும்தான்.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்கே காத்தழுத்தம் கடல் மட்டத்தை விடச் சுமார் 20 சதவீதம் குறைவு. அதனாலதான் டர்போ காத்து குறைஞ்சா சமதரையில் தெரியாதது மலையில் தெரியுது.

இப்போ ஸ்கேனர் விஷயம். எங்க வண்டியில் காட்டினது பி0299ன்னு ஒரு கோடு. இணையத்துல தேடிப் பார்த்தேன். 'வர வேண்டிய காத்தழுத்தம் வரலை'ங்கிறதுதான் அர்த்தம். ஏன் வரலைன்னு அது சொல்றதே இல்லை! காய்ச்சல் 102ன்னு தெர்மாமீட்டர் காட்டினா, உடனே ஆபரேஷன்னு யாராவது சொல்வாங்களா?

காமர்ஸ் பசங்களுக்கு ஒரு உதாரணம். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலை. என்ன செய்வோம்? முதல்ல கூட்டலைச் சரிபார்ப்போம். வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா எண்ணை இடம் மாத்தி எழுதிட்டோமான்னு பார்ப்போம். அப்புறம் போஸ்டிங். யாராவது எடுத்த எடுப்புல லெட்ஜரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவாங்களா? காரணம் தெரியாம டர்போ மாத்துறது, வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டு நிம்மதியாத் தூங்குற மாதிரி.

செலவில்லாததுல ஆரம்பிக்கணும். திடீர்னு போச்சா, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சா? திடீர்னா ஹோஸ் கழன்டிருக்கலாம், இல்லை கம்ப்யூட்டரே பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைச்சிருக்கலாம். மெதுவான்னா ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கரி படிஞ்ச ஈஜிஆர் வால்வு. கரும்புகையோட இழுவை இல்லைன்னா பெரும்பாலும் காத்துப் பஞ்சம். புகையே இல்லாம இழுவை இல்லைன்னா டீசல் வரத்தையும் பாருங்க. அடுத்து டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ்கள். விரிசல் அடிப்பக்கம் இருக்கும், அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். ஆயில் கசிஞ்ச கறைதான் அடையாளம். பிறகு, டர்போவோட ஆக்சுவேட்டர் தண்டு நகருதா, அதுக்குப் போற சின்ன வேக்குவம் டியூப் வெடிச்சிருக்கான்னு பார்க்கணும்.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் டர்போ. இன்ஜின் ஆறினப்புறம் காத்து வர்ற பைப்பைக் கழட்டி, தண்டை விரலால அசைச்சுப் பார்ப்பாங்க. பக்கவாட்டுல லேசா ஆடினா பயமில்லை. முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை உறையில் உரசியிருந்தாலோ நிஜமாவே போச்சு. அப்பவும் ஏன் போச்சுன்னு கேட்கணும். ஆயில் சரியா மாத்தலை, இல்லை ஆயில் வர்ற பைப் அடைச்சிருக்குன்னா புது டர்போவும் அதே வழியில்தான் போகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீலப்புகை தள்ளுது, ஆயில் மட்டம் வேகமா இறங்குதுன்னா சோதனையும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். டர்போ வழியா வர்ற ஆயிலையே குடிச்சு டீசல் இன்ஜின் சாவியைத் திருப்பினாலும் நிக்காம வெறி பிடிச்சு ஓடும் அபாயம் உண்டு.

எங்க கதைக்கு வர்றேன். அப்பாவோட பழைய பழக்கம், திண்டுக்கல் போற ரோட்டுல ஒரு சின்ன ஷெட் வச்சிருக்கிற அண்ணன். ஏர் ஃபில்டரைப் பார்த்தார். என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிட்டு, ஹோஸ் மேல சோப்புத் தண்ணியை ஊத்திக் கையால தடவிக்கிட்டே வந்தார். இன்டர்கூலருக்குக் கீழே புஸ்ஸுன்னு நுரை! ஹோஸ், கிளாம்ப், எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். செயின் திரும்ப பீரோவுக்குப் போயிடுச்சு.

இத்தோட முடிச்சா, 'முதல் பட்டறைக்காரன் திருடன், இவர் தெய்வம்'னு ஆயிடும். எனக்கு அப்படித் தோணலை. கிளம்பும்போது அப்பா கூலியா 100 ரூபாய் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல வெயில்ல படுத்துத் தேடினவருக்கு! நான் முறைச்சேன். அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "பார்க்குறதுக்கு யாரு தம்பி காசு தர்றா? மாத்தினாத்தான் காசு."

யோசிச்சுப் பாருங்க. டர்போ மாத்தியிருந்தா 40,000 ரூபாயை முனகாம எண்ணி வச்சிருப்போம். அதுல ஒரு பங்கு லாபமாப் போயிருக்கும். கண்டுபிடிச்சுக் கொடுத்த மூளைக்கு 100 ரூபாய். பாகத்துக்கு மட்டும் காசு, மூளைக்கு இல்லைன்னா, எந்தப் பட்டறையும் பாகம் விக்கத்தானே பார்க்கும்? பாதித் தப்பு நம்ம கிட்ட இருக்கு.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 விதி வந்தப்போ மாருதி டீசல் கார் தயாரிக்கிறதையே நிறுத்திடுச்சு. எங்களை மாதிரி ஆளுங்க இருக்கிற பழைய வண்டியைத்தான் இன்னும் சில வருஷம் இழுத்துப் பிடிச்சு ஓட்டணும். அதனால வண்டியை விடும்போதே சொல்லுங்க: "அண்ணே, பார்க்குறதுக்குத் தனியா 500 தர்றேன். என்ன காரணம்னு காட்டுங்க, அப்புறம் மாத்தலாம்." அந்த 500 செலவு இல்லை, இன்சூரன்ஸ்.

அடுத்த வாரம் மல்லிகைப்பூ மார்க்கெட்டுக்குப் போற வழியில் அந்த ஷெட்ல நிறுத்தி அப்பா மிச்சம் 400ஐக் கொடுத்தார். நான் எதுவும் சொல்லலை. அம்மா சொல்லியிருப்பாங்க :)