வெளுக்கப்பட்ட முகங்கள்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் மரித்தோரின் படங்கள் தேடி எடுக்கப்படுகின்றன. நினைவுத் திருப்பலி அறிவிப்புக்கு ஒன்று, சுவரொட்டிக்கு ஒன்று, காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கல்லில் பதிக்க ஒன்று. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உழைத்து மறைந்த தலைமுறை அதிகப் படங்களை விட்டுச் செல்லவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும், விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவருக்கும் வாழ்நாளில் எடுத்த படம் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுள் முகம் தெரிவது ஒன்று; அதுவும் இருண்டது. அந்த ஒன்றை ஏந்திக்கொண்டு பிள்ளைகள் கணிப்பொறிக் கடைக்குச் செல்கிறார்கள். அரைமணி நேரத்தில் 'புதுப்பித்த' படம் வருகிறது. இருள் நீங்கிவிட்டது. கீறல் மறைந்துவிட்டது. கூடவே தந்தையும் மறைந்துவிட்டார். மெழுகு போன்ற வெளிர்ந்த தோலும், சுருக்கமற்ற நெற்றியும், எவரோ ஒருவரின் கண்களும் கொண்ட அந்நியர் ஒருவர் அவருடைய சட்டையை அணிந்து நிற்கிறார்.

இதற்கு 'மீட்பு' என்று பெயர் சூட்டுகிறார்கள். அந்தப் பெயரை நான் மறுக்கிறேன்.

பழைய படங்கள் ஏன் இருண்டன என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். எளியவர்களின் கைக்கு எட்டிய கருவி, அக்ஃபா க்ளிக் போன்ற பெட்டிக் காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். வெளிச்சத்தை அளக்கும் கருவி அதில் கிடையாது. திறந்த வெயிலில் மட்டுமே அது நன்றாகப் படம் பிடிக்கும். நாமோ அதைக் கோயிலுக்குள் கொண்டுபோய் மங்கிய விளக்கொளியில் மணமக்களைப் படம் எடுத்தோம். புதுநன்மைப் பிள்ளைகளைக் கோயில் வாசலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிறுத்தினோம். இருட்டறையில் அச்சிட்டவர், வெள்ளையுடையின் மடிப்புகள் தெரியவேண்டும் என்று தாளுக்குக் கூடுதல் ஒளி கொடுத்தார். உடை தெளிந்தது, பிள்ளையின் முகம் கறுத்தது. பின்னர் வண்ணப்படம் வந்தபோதும் நிலை மாறவில்லை. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அளித்த நிற அளவுகோலாகிய 'ஷர்லி அட்டை'யில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். அவளுடைய தோல் சரியாக அமைந்தால் நிறம் சரி என்பது கணக்கு. நம் தோல் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே இருண்ட படத்தைத் தெளிவாக்க விரும்புவது குற்றமன்று. ஒரு வகையில் அது நீதியே ஆகும். அதற்கு நேர்மையான வழியும் உண்டு. நெகடிவில் ஒளி பட்ட இடத்தில் வெள்ளி கறுப்பாகப் படிகிறது. படாத இடம் வெறுமையாய்த் தெளிந்து நிற்கிறது. ஒளி சிறிதளவேனும் பட்டிருந்தால், கண்ணுக்கு ஒரே கருமையாகத் தோன்றும் கன்னத்திலும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் இருக்கும். ஸ்கேனர் அவற்றை ஆயிரக்கணக்கான படிகளாகப் பிரித்துப் பதிவு செய்யும். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களால் அந்தப் படிகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, இருளுக்குள் ஒடுங்கியிருந்த முகத்தை வெளியே கொணரலாம். அச்சுப்பிரதியில் மறைந்த முகம் நெகடிவில் முழுமையாக இருப்பதும் உண்டு. நெகடிவைக் குப்பையில் எறியாத வீடு பாக்கியம் பெற்ற வீடு!

1898-ஆம் ஆண்டு மே மாதம் தூரின் நகரில் செக்கொந்தோ பியா என்பவர் திருத்துணியைப் படம் எடுத்தது நம் வாசகர்களுக்குத் தெரிந்த செய்தி. துணியில் மங்கலாகத் தெரிந்த உருவம் அவருடைய நெகடிவ் தட்டில் தெளிந்த முகமாய்த் தோன்றியது. அத்துணியின் காலத்தைப் பற்றிய வழக்கு இங்கே வேண்டாம். பியா தம் கையால் எதையும் வரையவில்லை. துணியில் இருந்த ஒளியும் நிழலும் தட்டில் இடம் மாறின, அவ்வளவே.

ஒளியே படாத இடத்தில் என்ன செய்வது? அங்கே எந்தக் கணிப்பொறியாலும் எதையும் மீட்க முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அந்த வெறுமையை ஒப்புக்கொள்வதில்லை. தமக்குக் காட்டப்பட்ட எண்ணற்ற முகங்களின் சாயலைக் கொண்டு, இருந்திருக்கக்கூடிய முகம் ஒன்றை வரைந்து விடுகின்றன. அந்த முகங்கள் யாருடையவை? 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'பல்ஸ்' என்னும் மென்பொருளிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படம் தரப்பட்டது. அது திருப்பித் தந்தது ஒரு வெள்ளையரின் முகம். உலகறிந்த குடியரசுத் தலைவருக்கே இந்தக் கதி என்றால், எண்ணூர் மீனவருக்கு என்ன நேரும்? அதற்கும் மேலே, 'கொஞ்சம் கலராக்கிக் கொடுங்கள்' என்று நாமே சொல்கிறோம். இயந்திரத்தைக் குறைகூறும் முன் இந்தச் சொல்லுக்கு நாம் நாண வேண்டும். உப்புக்காற்றிலும் நிலக்கரித் தூசியிலும் வெயிலிலும் கறுத்த தோல் அது. அதைக் கொண்டுதான் நம்மை வளர்த்தார்கள்.

'படத்தைத் திருத்துவது புதிதா? ஸ்டூடியோக்காரர் பென்சிலால் திருத்தவில்லையா?' என்று கேட்பார்கள். உண்மையே. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1850-களில் தம் நெகடிவ்களில் வெறுமையாய் நின்ற வானத்தில் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்தார். ஆனால் அவர் தூரிகை பட்ட இடத்தை இன்றும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட முடிகிறது. ஸ்டூடியோக்காரர் தீட்டிய சிவந்த உதட்டைக் குழந்தையும் சாயம் என்று அறியும். இன்றைய செயலியின் கை எங்கே பட்டது என்று எவராலும் காட்ட முடியாது. மேலும், மேகம் எவருக்கும் தந்தையன்று.

'அழும் விதவைக்கு அது ஆறுதல் தருகிறதே' என்பது அடுத்த வாதம். இதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அவர் தம் கணவரை அறிவார். படம் எப்படியிருந்தாலும் நினைவு அதைச் சரிசெய்துகொள்ளும். பேரப்பிள்ளைகளுக்கு அந்த நினைவு இல்லை. அவர்களுக்குப் படம்தான் தாத்தா. 2021-இல் வைஸ் என்னும் இதழ், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டோரின் படங்களுக்கு ஒருவர் வண்ணமேற்றியதை வெளியிட்டது. மூலத்தில் புன்னகைக்காத சிலரின் முகத்தில் அவர் புன்னகையையும் சேர்த்திருந்தார்! கம்போடிய அரசு கண்டித்தது, உறவினர் கொதித்தனர், இதழ் அதை நீக்கிக்கொண்டது. அங்கே மூலப்படங்கள் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருந்ததால் பொய் வெளிப்பட்டது. நம் வீட்டிலோ, புதிய படம் சட்டத்துக்குள் ஏறியதும் பழையது கிழிந்த தாள் என்று எறியப்படுகிறது. அதன்பின் அந்த முகத்துக்காகச் சாட்சி சொல்ல ஒன்றுமே இராது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் பதிவு செய்துள்ளனர். இத்தகைய ஆவணப் பணியில் மூலப்பிரதி கறையும் கீறலும் உள்ளபடியே காக்கப்படும். திருத்தம் எதுவாயினும் வேறொரு பிரதியிலேயே செய்யப்படும். அறிஞர்கள் செய்யும் இந்தச் சிறு ஒழுங்கு நம் வீடுகளுக்கு எட்டாத ஒன்றா? முதலில் திருத்தமின்றி ஒரு ஸ்கேன் எடுத்து, இரண்டு இடங்களில் சேமிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தைக் கூட்டலாம், கீறலை நீக்கலாம், முகத்தை வரையக்கூடாது, நிறத்தை வெளுக்கக்கூடாது என்று கடைக்காரரிடம் கறாராய்க் கூறுங்கள். இருளிலிருந்து பாதி முகம்தான் வந்தது என்றால் பாதி முகத்தையே சட்டமிடுங்கள்.

ஜூபிலி மலர் தயாரிக்கும் பங்குக் குழுவினருக்கும் ஒரு சொல். பழைய குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்கும் முகமறியா இளைஞரைச் செயலியிடம் ஒப்படைக்காதீர்கள். திருத்திய படமானால் கீழே 'திருத்தப்பட்டது' என்று அச்சிடுங்கள். பங்கின் முதியவர்கள் இருக்கும்போதே அந்தப் படத்தை அவர்களிடம் காட்டி, யார் யார் எனக் கேட்டு, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பேனாவின் மை தாளில் ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.