பொத்தானும் மூச்சும்

கடந்த கோடை விடுமுறையில் சென்னீர்குப்பத்தில் மறைக்கல்விப் பிள்ளைகள் சிலரிடம், "ஓபோ என்றால் என்ன?" என்று கேட்டோம். பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் சிறுமி ஒருத்தி சற்றும் தயங்காமல், "69ஆம் நம்பர், ஃபாதர்" என்றாள். "பசூன்?" "அது 71." உடனிருந்த பிள்ளைகள் கைதட்டினர். விடை சரியே. மின்னணு இசைக்கருவிகளுக்கென 1991இல் வகுக்கப்பட்ட பொது ஒழுங்கில் 128 ஒலிகளுக்கு எண்கள் இடப்பட்டன. அதில் ஓபோவுக்கு 69, பசூனுக்கு 71, ஷெனாய்க்கு 112. நாதசுவரத்துக்கு எண்ணே இல்லை. பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் சிரித்தோம். ஆயினும் இல்லம் திரும்பும் வழியில் அச்சிரிப்பு கசந்தது. ஒரு கருவியின் எண்ணை அறிந்த தலைமுறையை நாம் வளர்த்திருக்கிறோம். அக்கருவியை ஊதும் மனிதரை அது கண்டதில்லை.

ஓபோவும் பசூனும் நமக்கு அந்நியமானவை அல்ல. நாணலைச் சீவி, மெல்லிய இரு நாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அவற்றின் நடுவே மூச்சைச் செலுத்தி ஒலி எழுப்பும் குடும்பம் அது. நம் நாதசுவரத்தின் சீவாளியும் அதே குடும்பத்தது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்கிறார்கள். திருவாவடுதுறையில் சீவாளி செய்கிறார்கள். மேற்கே ஓபோக் கலைஞர் தம் நாக்கைத் தாமே கத்தியால் சீவிக்கொள்கிறார். கடல் கடந்தாலும் உழைப்பு ஒன்றே. ஓபோ ஊதுவோரின் துன்பம் விந்தையானது. மூச்சுப் போதாமை அன்று, மூச்சு மிகுவதே அவர்தம் இடர். நாக்கின் இடுக்கு மிகச் சிறிது. காற்றுக் கொஞ்சமே வெளியேறும். எஞ்சியதை வெளியே விட்ட பின்னரே புது மூச்சு எடுக்க இயலும். அடக்கத்தையும் காத்திருத்தலையும் உடலுக்கே கற்பிக்கும் கருவி இது. இதனை எந்தப் பொத்தான் கற்பிக்கும்?

நாம் அறிந்த ஒரு பங்கில், பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் பயிற்சி நடத்தலாம் என்ற யோசனை எழுந்தது. ஓபோவோ பசூனோ வாசிக்கும் கலைஞர் ஒருவர், நாதசுவர வித்துவான் ஒருவர். இருவரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தி, மேற்கில் 'மாஸ்டர் கிளாஸ்' என்று வழங்கும் முறையில் நடத்துவது திட்டம். ஒரு மாணவர் ஆசிரியர் முன் வாசிப்பார். ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் திருத்துவார். மற்றவர்கள் கேட்டே கற்பர். 1865இல் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்ற பிரான்ஸ் லிஸ்ட், 1869 முதல் வைமார் நகரில் இம்முறையில் கற்பித்துப் புகழ் சேர்த்தார். நம் குருகுலத்துக்கும் இது புதிதன்று. ஆனால் பங்குப் பேரவை யோசனையைத் தள்ளிவிட்டது. அதே கூட்டத்தில் திருவிழாவின் விளக்கு அலங்காரமும் ஒலிபெருக்கிச் செலவும் பத்து நிமிடங்களில் நிறைவேறின. அது எந்தப் பங்கு என்று வாசகர் வினவ வேண்டா. தத்தம் பங்கையே எண்ணிக்கொள்வாராக. அங்கே எழுந்த மறுப்புகள் எங்கும் எழுபவையே. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் மறுப்பு: "கீபோர்டிலேயே எல்லாம் இருக்கிறதே!" இருப்பது ஒலியின் நிழல். நிழலுக்கு மூச்சு இல்லை. மண்ணால் வனைந்த மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் சொல்கிறது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடர் மேல் ஊதியே தூய ஆவியை வழங்கினார். மூச்சை இத்துணை உயர்வாகப் போற்றும் திருமறையைச் சேர்ந்த நாம், மின்கம்பியில் தாளத்தை ஓடவிட்டு அதன் பின்னே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறோம். 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆலயத்தில் பியானோவைத் தடை செய்தார்; முரசு, கைத்தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளையும் விலக்கினார். அவ்வளவு கண்டிப்பானவரே, ஆயரின் ஒப்புதலோடு அளவான எண்ணிக்கையில் ஊதுகருவிகளுக்கு வாயிலைத் திறந்துவைத்தார். அவர் திறந்த வாயிலை நாம் ஏன் மூடுகிறோம்?

இரண்டாம் மறுப்பு: "இது பணக்காரப் பிள்ளைகளுக்கு உரியது." வரலாற்றைப் புரட்டுவோம். 1703இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அதே ஆண்டில் வெனிஸ் நகரின் பியெத்தா இல்லத்தில் இசையாசிரியரானார். அது பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம். அங்கே வளர்ந்த பெண் பிள்ளைகள் வயலின் மட்டுமன்றி ஊதுகருவிகளும் பயின்றனர். அவர்கள் இசையைக் கேட்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் பயணிகள் வந்தனர். நெஞ்சு இறுக்கத்தால் திருப்பலி நிறைவேற்றுவதையே விட்டுவிட நேர்ந்த அக்குரு, பசூனுக்காக மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட கச்சேரிப் படைப்புகளை எழுதிவைத்தார். ஏழையின் பிள்ளைக்கு எளிய கருவி போதும் என்று அவ்வில்லம் எண்ணவில்லை. நாம் எண்ணுகிறோம். பசூன் ஒன்று பல இலட்சம் விலை பெறும் என்பதை மறுக்கவில்லை. தனி ஒரு குடும்பமோ தனி ஒரு பங்கோ அதை வாங்க இயலாது. அதனாலன்றோ மறைமாவட்டம் என்ற ஒன்று இருக்கிறது?

மூன்றாம் மறுப்பு தாழ்ந்த குரலில் வந்தது: "நாதசுவரம் கோயில் வாத்தியம் அல்லவா?" இதைக் கேட்டபோதே நாம் பெரிதும் வருந்தினோம். இசுலாமியரான ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் வாழ்ந்து, நாதசுவரத்தின் மாமேதையாகத் திகழ்ந்து, 1999இல் மறைந்தார். அவர் சமயம் அவருடைய சீவாளியைத் தடுக்கவில்லை. கேட்டோரின் சமயமும் அவர்கள் செவியைத் தடுக்கவில்லை. 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்குமாறு பணிக்கிறது. அவ்வேடு வெளிவந்து அறுபது ஆண்டுகள் கடந்தும், கல்யாண வீட்டில் மங்கலமான ஒலி ஆலய வாயிலில் மட்டும் அந்நியமாகிறதா? இம்மறுப்பின் அடியில் சமயத்தைவிட, ஊதுபவர் எந்தத் தெருவினர் என்ற கேள்வியே பதுங்கியிருக்கிறதோ என்று அஞ்சுகிறோம். அவ்வாறாயின் அதற்கு வேண்டியது இசைப் பயிற்சியன்று, ஒப்புரவு அருளடையாளம்.

நான்காம் மறுப்பு: "இதைக் கற்றுப் பிள்ளை என்ன சம்பாதிப்பான்?" 2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் சிம்பொனியை இலண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழுவினர் அரங்கேற்றினர். தமிழராய் நாம் பெருமிதம் கொண்டோம்; கொள்ளத்தக்கதே. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எழுதிய கை பண்ணைப்புரத்தில் பிறந்தது. ஓபோவையும் பசூனையும் ஊதிய வாய்கள் எந்த ஊரில் பிறந்தவை? எழுத ஒருவரைத் தந்த மண், ஊத ஒரு குழுவைத் தரவில்லை. ஆசிரியர் இல்லாத கருவிக்கு மாணவர் இல்லை. மாணவர் இல்லாத கருவிக்கு நாளை ஆசிரியரும் இல்லை. இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் யாரேனும் உடைத்தாக வேண்டும். பள்ளிகளை நிறுவும்போது நம் முன்னோர், எல்லாரும் கல்வி கேட்டு வரட்டும் எனக் காத்திருக்கவில்லை.

குறை கூறி அமைதலில் பயனில்லை; ஆகவே கேட்கிறோம். மறைமாவட்டம் நாதசுவரங்கள் சிலவும், ஓபோ ஒன்றிரண்டும், இயலுமாயின் பசூன் ஒன்றும் வாங்கி, நூலகம் புத்தகம் தருவது போல் பிள்ளைகளுக்கு இரவல் தரட்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுவரம் பயிற்றுவிக்கப்படுகிறது. அங்குள்ள ஆசிரியர்களை நம் பள்ளிகள் மரியாதையோடும் தக்க ஊதியத்தோடும் அழைக்கட்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிப் பங்குகள் ஒன்றுகூடினால், ஆண்டுக்கு ஒரு முறை பத்து நாள் வகுப்பு எட்டாக் கனியன்று. ஒவ்வொரு பங்கும் திருவிழா விளக்குகளில் ஒரு வரிசையைக் குறைத்துக்கொண்டால் வேண்டிய தொகையில் பெரும்பகுதி சேர்ந்துவிடும். இருளில் விழா நடத்தச் சொல்லவில்லை. சற்று மங்கிய வெளிச்சத்தில் நடத்தினால் புனிதர் எவரும் கோபிக்கமாட்டார்.

அச்சிறுமியைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. நாம் கொடுத்ததை அவள் செம்மையாகக் கற்றிருக்கிறாள். அவளுக்கு எண்ணைக் கொடுத்தோம், எண்ணைச் சொன்னாள். அடுத்த கோடையில் அதே கேள்வியைக் கேட்கும்போது, அவள் ஒரு சீவாளியை எச்சிலில் நனைத்து, முதல் முயற்சியில் கீச்சென்று பிசிறடித்து, நாணிச் சிரிப்பாளாயின், அந்தப் பிசிறலை நம் ஆலயத்தின் எந்த ஒலிபெருக்கியைவிடவும் மேலானதாகக் கொள்வோம்.