பேச முடியாத சாட்சி

போர்க்களத்திலிருந்து திரும்புகின்றவர்களுள் காயம் வெளியே தெரியாதவர்களும் உளர். அவர்களைப் பற்றிச் சிந்திக்க ஒரு நாயின் கதை நமக்குத் துணை செய்கின்றது.

பொவாஸ் யாக்கினின் இயக்கத்தில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘மக்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், குடும்பத்தினர் ஒன்றாகப் பார்ப்பதற்கென எடுக்கப்பட்டது. மக்ஸ், ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினருடன் பணியாற்றிய பெல்ஜிய மலின்வா இன நாய். அதனை வழிநடத்திய கைல் என்னும் இளம் வீரன் அங்கு கொல்லப்படுகின்றான். அதன்பின் எவருக்கும் அடங்காத அந்நாய், ரெக்சாஸ் மாநிலத்தில் நடைபெறும் இறுதிச் சடங்கின்போது கைலின் தம்பி ஜஸ்டினிடம் மாத்திரமே அமைதி கொள்கின்றது. பெற்றோருடன் ஒட்டாமல், வீடியோ விளையாட்டுகளைக் களவாகப் பிரதி செய்து விற்றுவந்த அந்தப் பையனின் பொறுப்பிலேயே அது விடப்படுகின்றது.

இப்படத்தின் உயிர்நாடி வீரசாகசம் அன்று. அமெரிக்கச் சுதந்திர தின இரவில் வாணவெடிகள் முழங்குகையில் மக்ஸ் நடுங்குகின்றது. ஜஸ்டின் அதன் அருகிலிருந்து தேற்றுகின்றான். இருவரும் மாறத் தொடங்குவது அந்தப் பொறுமையினாலேயே. 2009ஆம் ஆண்டு முடிவுற்ற போரைக் கடந்து வந்த நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆலயத் திருவிழாவின் வெடியோசைக்குத் திடுக்கிடுகின்றவர் நம் வீட்டிலும் இருக்கலாம். ‘இன்னுமா பயம்?’ என்று சிரிக்கின்றோமா, அன்றி அருகில் அமர்கின்றோமா?

கைலின் தோழனான டைலர், தன் குற்றத்தை மறைப்பதற்காக மக்ஸின் மீதே பழி சுமத்துகின்றான். உண்மையைக் கண்ட சாட்சி மக்ஸ். ஆனால் அதனால் பேச முடியாது. மறுத்துப் பேச இயலாதவர் மீது பொய்யை ஏற்றுவது எத்துணை எளிது! இறந்தவர், மனம் நொந்தவர், சிறு பிள்ளைகள் ஆகியோரைப் பற்றி ஊரில் உலவும் கதைகளை நாம் எத்தனை விரைவாக நம்பிவிடுகின்றோம்! பொய்ச் சான்று சொல்லாதே என்னும் கட்டளை, பொய்யைக் கேட்டுத் தலையசைப்பவரையும் தொடும்.

படைநாய்களின் வரலாறும் நம் மனச்சான்றை உறுத்துவதே. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் அவற்றைத் தளபாடங்களாகவே கணித்தனர். போர் முடிந்தபோது பெரும்பாலானவை நாடு திரும்பவில்லை. ஓய்வுபெறும் நாய்களைப் பிறர் வளர்ப்பதற்கு வழிசெய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே அங்கு நிறைவேறியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் பின்னர், நாய்களுக்கும் மனவடு உண்டென்பதை அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டனர்.

படத்தில் குறைகளும் உள. பிற்பகுதி ஆயுதக் கடத்தல்காரரைத் துரத்தும் சண்டையாகச் சுருங்கிவிடுகின்றது. நாய்க்காகக் கண்ணீர் சிந்தவைக்கும் கதையில் ஆப்கான் மக்களின் கண்ணீருக்கு இடமில்லை. ஆகவே பெற்றோரே, பிள்ளைகளுடன் அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் இதனையும் அவர்களுடன் பேசுங்கள். நாயின் நடுக்கத்திற்கு இரங்கும் உள்ளம், பெயர் தெரியாத மனிதரின் நடுக்கத்திற்கும் இரங்கக் கற்கட்டும்.

இளைஞன் தோபியா வானதூதர் இரபேலுடன் புறப்பட்டபோது, நாயும் உடன் சென்றதென்று தோபித்து நூல் கூறுகின்றது. அந்நாய் அற்புதம் எதுவும் செய்யவில்லை. உடன் நடந்தது, அவ்வளவே. அப்பயணத்தின் முடிவில் தந்தையின் கண்கள் திறந்தன. இலாசரின் புண்களை நக்கிய நாய்களுக்கு இருந்த இரக்கம், வாசலுக்கு உள்ளே விருந்துண்ட செல்வனுக்கு இருக்கவில்லை.

குணமளிப்பவர் இறைவன். உடன் நடப்பது நம் பணி. இந்த வாரம், நம் இல்லத்தில் பேசாதிருக்கும் ஒருவரின் அருகில் சற்று நேரம் அமர்வோமா?