கொடியில் கலந்த பிளாஸ்டிக்

புதுதில்லி: வீடுதோறும் மூவர்ணக் கொடி பறக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஆகஸ்டில் அழைப்பு விடுத்தபோது, 20 கோடி வீடுகள் இலக்காக அறிவிக்கப்பட்டன. அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி விற்கப்பட்டது. மக்கள் காட்டிய ஆர்வத்தில் குறை காண ஏதுமில்லை. ஆனால், அந்தக் கொடி எதனால் ஆனது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.

2002 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பின்படி, தேசியக் கொடி என்பது கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, கம்பளி அல்லது பட்டுக் கதரால் ஆனது. 2021 டிசம்பர் 30-இல் செய்யப்பட்ட திருத்தம், இயந்திரத்தில் தயாரான துணியையும் பாலியெஸ்டரையும் அனுமதித்தது.

இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை விதிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இடம்பெற்றது. அடுத்த மாதமே பாலியெஸ்டர் கொடிகள் வீடுகளில் ஏறின.

பாலியெஸ்டர் என்பது என்ன? பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் பிளாஸ்டிக்தான் அது. குடிநீர் பாட்டிலாக வார்க்கப்படும் அதே பொருளே இழையாக இழுக்கப்பட்டுத் துணியாகிறது. தாளாக இருந்தால் பிளாஸ்டிக், நூலாக இருந்தால் துணி என்று விதிகள் பிரிக்கலாம். மண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பருத்தி இழையை நுண்ணுயிர்கள் உண்டு மண்ணாக்கிவிடும். பாலியெஸ்டரோ வெயிலிலும் மழையிலும் நைந்து, நுண்துகள்களாக நிலத்திலும் நீரிலும் பல்லாண்டுகள் தங்கிவிடும்.

கிழிந்த கொடியைத் தனிமையில், எரித்தோ அதன் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வகையிலோ முழுமையாக அழிக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, கரும்புகை கக்கிக் கட்டியாக உறையும். கண்ணியமான முடிவுக்கே வழியில்லாத பொருளில் கொடியைச் செய்யலாமா?

இத்தனை கோடிக் கொடிகளுக்குக் கதர் போதாது, விலையும் அதிகம் என்பது அரசுத் தரப்பு ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. பருத்திச் சாகுபடிக்கும் நீரும் பூச்சிமருந்தும் ஏராளமாகச் செலவாகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், ஆலைப் பருத்தித் துணியை அதே திருத்தம் அனுமதித்துவிட்ட பிறகு பாலியெஸ்டருக்கு என்ன அவசியம்? சில ரூபாய் மிச்சம் என்பதைத் தவிர வேறு விடை தெரியவில்லை.

இழப்பு சுற்றுச்சூழலுக்கு மட்டுமல்ல. கர்நாடகத்தின் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில், தர முத்திரை பெற்ற கதர்க் கொடிகளைத் தயாரிக்கும் கூடத்தில் உழைப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பாலியெஸ்டருக்கு அனுமதி அளிக்கப்பட்டதற்கு 2022-இல் அங்கிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1947 ஜூலை 22-இல் நேரு கொடியை முன்வைத்தபோது, பட்டுக் கதரிலும் பருத்திக் கதரிலும் ஆன இரு கொடிகளை உறுப்பினர்களுக்குக் காட்டினார். அன்று துணியும் கொடியின் பொருளில் ஒரு பகுதியாக இருந்தது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. விதித்தொகுப்பிலிருந்து பாலியெஸ்டர் என்ற ஒரு சொல்லை நீக்க வேண்டும். அரசு அலுவலகங்களில் கதர்க் கொடியே ஏற்றப்பட வேண்டும். வீடுகளுக்குப் பருத்திக் கொடி போதும். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று முழங்கும் அரசு, அந்தப் பணியை நாட்டின் கொடியிலிருந்தே தொடங்கட்டும்.