டம்மி நம்பருக்குச் சாதி தெரியாது

1991 ஜூனில் பதினோராம் வகுப்பு சேரப் போனேன். பத்தாம் வகுப்பில் 500க்கு 372. எங்கள் தெருவில் அதுவரைக்கும் யாரும் எடுக்காத மார்க்கு. முதல் குரூப்பு வேண்டும் என்று எழுதியிருந்த விண்ணப்பத்தை வாங்கிய வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "எதுக்கும்மா இவனுக்குக் கணக்கும் பௌதிகமும்? தொழிற்கல்வியில போட்டுடறேன். கைத்தொழிலு கத்துக்கிட்டா நாளைக்குக் கஞ்சிக்காவது ஆவும்." அம்மா, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க சாமி" என்றது. அந்த ஒரு 'சாமி'யில் என் முதல் குரூப்பு போய்விட்டது.

என்னைப் போட்ட பிரிவுக்கு ஜெனரல் மெஷினிஸ்ட் என்று பேர். வகுப்பில் பாதிக்கு மேல் காலனிப் பிள்ளைகள். ஒரு லேத்து இருந்தது, கோணி போர்த்தியபடி. மூணு பேஸ் கரண்டு இழுக்காததால் ரெண்டு வருசத்தில் ஒருநாள்கூட அது சுற்றவில்லை. அரம் மட்டும் இருந்தது. இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிவிட்டு ராவு ராவு என்று ராவினோம். நான் ராவிய சதுரத்தில் மூலமட்டத்தை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் வராது. செய்முறைத் தேர்வு முடிந்து துண்டுகளை மேசையில் பரப்பி வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். என் துண்டில் ஊர்த்தெருப் பையன் ஒருவனுடைய நம்பர் குத்தியிருந்தது. கோணலாக ராவிய இன்னொன்றில் என் நம்பர். மார்க்கு வந்தது. எழுத்துத் தேர்வில் அவனைவிட நான் அதிகம். செய்முறையில் அவன் அதிகம்.

இத்தனை வருசம் கழித்து இந்தக் கதை எதற்கு? காரணம் இருக்கிறது.

பொதுத்தேர்வில் விடைத்தாளின் பெயர்ப் பக்கத்தைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தப் போகிறது. திருத்துகிறவருக்கு நான் யார், எந்தத் தெரு, என் அப்பன் என்ன வேலை என்று தெரியாது. இந்த நாட்டில் நம்ம பிள்ளைகளின் முகம் பார்க்காமல் நடக்கிற காரியங்கள் மிகக் கொஞ்சம். அதில் இது ஒன்று. செய்முறைக்கு வந்தால் முகம் தெரியும். அகமதிப்பீட்டுக்கு வந்தால் முகத்தோடு தெருவும் தெரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மேல்நிலையில் 1200 மதிப்பெண் இருந்த காலத்தில் இயற்பியல், கணினி அறிவியல் மாதிரிப் பாடங்களுக்கு 200இல் 150 எழுத்து, 50 செய்முறை. 2017-18இல் 600 ஆக்கியபோது 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு என்று மாற்றினார்கள். முகம் பார்த்துப் போடுகிற பங்கு நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து முப்பதானது. செய்முறை இல்லாத பாடங்களுக்கும் பத்து மதிப்பெண் உள்ளே போனது. 2018 மார்ச்சில் தொடங்கிய பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்று நண்பர்கள் சந்தோசப்பட்டார்கள். குறையட்டும். ஆனால் தனியார் பள்ளிகள் பதினொன்றை நடத்தாமல் பன்னிரண்டையே ரெண்டு வருசம் உருப்போட வைத்ததால்தான் அந்தத் தேர்வே வந்தது என்பதை எவ்வளவு சுருக்காக மறந்துவிட்டோம்!

டம்மி நம்பர் போதும் என்று நான் சொல்லவில்லை. நீட்டிலும் திருத்துகிற கம்ப்யூட்டருக்கு நம்ம முகம் தெரியாதுதான். 2017இல் அனிதாவை அது என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். லட்சம் கட்டிப் படிக்கிறவனுக்கும் கூலிக்காரன் மகளுக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்பது வேறொரு மோசடி. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்து, தேசியக் கல்விக் கொள்கை 2020. ஆறு முதல் எட்டு வரைக்குமான வகுப்புகளில் பையில்லாத பத்து நாள். அந்தந்த ஊர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் ஆகியோரிடம் பிள்ளைகள் போய்த் தொழில் பழக வேண்டும். பட்டியல் அழகாக இருக்கிறது: மரவேலை, மின்வேலை, உலோகவேலை, தோட்டம், மண்பாண்டம், முதலியன. அந்த 'முதலியன'வுக்குள்தான் அய்யா நாம் இருக்கிறோம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஊறுகிற தொட்டி பட்டியலில் இல்லை. மலக்குழி இல்லை. நகரத்துப் பள்ளிப் பிள்ளைக்குப் பத்து நாள் பானை வனைவது ஒரு விளையாட்டு; படம் எடுத்து மாட்டிக்கொள்வான். நம்ம பிள்ளைக்கு அது எச்சரிக்கை. உள்ளூர்த் தொழில் நிபுணர் யார் என்று பள்ளிக்கூடம் தேடும்போது, சேரிப் பையனை யாரிடம் அனுப்பும்? தச்சர் பட்டறைக்குள் அவனை விடுவார்களா, வாசலில் நிறுத்துவார்களா?

1953இல் ராஜாஜி மூணு மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று பெரியார் பேர் வைத்தார். 1954இல் திட்டமும் போனது, அவரும் போனார். அதோடு கதை முடிந்தது என்று நம் முற்போக்கு நண்பர்கள் நினைக்கிறார்கள். 2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டு தொழில், பதினெட்டு வயது, குரு-சிஷ்யப் பரம்பரை. பள்ளியை முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயதில் கையில் உளியும் கடனும். தமிழ்நாடு வேண்டாம் என்றது, சரியாகவே சொன்னது. ஆனால் 1991இல் என்னை ஜெனரல் மெஷினிஸ்டில் தள்ளியபோது இங்கே ஆண்டது ராஜாஜியா?

அதே கொள்கையில் இன்னொன்றும் உண்டு. முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் மட்டும் இல்லாமல், உடன் படிக்கும் மாணவரும் மதிப்பிட வேண்டுமாம். எந்த வகுப்பறையில்? கையில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருகிற வகுப்பறையிலா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கையையும் வெட்டினார்கள். அந்தச் சக மாணவர்களிடம் மதிப்பெண் அட்டையைக் கொடுங்கள், நிரப்பித் தருவார்கள்.

"அப்படியானால் கை வேலையே கூடாதா தோழர்?" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கை வேலையை நமக்குச் சொல்லித்தருகிறார்களாம்! எங்கப்பா பறை கட்டுவார். வேப்பங்கட்டையில் வளையம், புளியங்கொட்டைப் பசை, தோலின் பதம், காய்ச்சுகிற தீயின் அளவு. எது எந்த நேரத்தில் எவ்வளவு என்று எந்த ரெக்கார்டு நோட்டிலும் அவர் எழுதியதில்லை. எழுதியிருந்தால் அது தொழில்நுட்பம். எழுதாததால் அது குலத்தொழில். ஏரி மடையைத் திறந்து தண்ணீரைப் பங்கு போட்டுத் தந்தவர்களும் நம் ஆட்கள்தான். பாடப்புத்தகத்தில் ராஜா மட்டும்தான் ஏரி வெட்டுகிறார். கை நமக்கு இருக்கிறது. இயந்திரத்தைத்தான் கொடுக்கவில்லை.

அம்பேத்கர் இதைத் தெளிவாகக் கண்டார். 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கேட்டார். பணிமனையைக் கேட்டார், அப்பன் பட்டறையைக் கேட்கவில்லை.

என் அக்கா மகள் போன வருசம் பத்து முடித்தாள். 2019இல் வந்த அந்தப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் கடைசியில் கணினிக்கு ஒரு பாடம், ஸ்கிராட்ச் பற்றி. பத்து வரைக்கும் கணினிக்கென்று தனிப்பாடம் கிடையாது, அறிவியலின் வாலில் கட்டிவிட்டிருக்கிறார்கள். மேடை என்றால் என்ன, ஸ்பிரைட் என்றால் என்ன என்று கடகடவென்று ஒப்பிக்கிறாள். "அந்தப் பூனைய நடக்க வச்சிருக்கியா?" என்று கேட்டேன். "எந்தப் பூன மாமா?" என்றாள். ஹைடெக் லேப் அவள் பள்ளியில் இருக்கிறது. வினாடி வினா எழுதுவதற்கு மட்டும் திறப்பார்களாம்.

செய்முறை வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும், முதல் குரூப்புக்காரனுக்கும் வேண்டும். செய்து முடித்த பொருள் டம்மி நம்பரோடு வேற்றூருக்குப் போகட்டும், முகம் தெரியாதவர் மார்க்கு போடட்டும். இரும்புத் துண்டைக்கூட அனுப்பலாம். கால் கிலோ இருக்காது. பதினொன்றில் எந்தப் பிரிவு என்பதை ஒரு வாத்தியார் அம்மாவைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மறுத்தால் எழுத்தில் காரணம் தரட்டும்.

அக்கா மகளும் அவள் கூட்டாளிகளும் சாயங்காலம் ஒரு மணி நேரம் லேப்பைத் திறந்துவிடச் சொல்லி மனு எழுதினார்கள். ஒன்பது கையெழுத்து. கிராமசபையில் கொடுத்தோம். வாங்கி வைத்திருக்கிறார்கள்.